புகைபோக்கியின் கடைசி ஐந்தடி

அவள் குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. யாராவது அவளைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகச் சொல்லிவிட்டால், சொன்னவர் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்ப்பாள். பிறகு "இருக்கட்டுங்க" என்பாள். அவ்வளவுதான். கையில் இருந்த வேலையைத் தொடர்வாள். புதிதாக வந்தவர்கள் இதைப் பொறுமை என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்தேன்.

அது பொறுமை இல்லை என்பதை முதலில் தெரிந்துகொண்டவன் துரை வீட்டு பட்லர். வேலைக்காரர்கள் எல்லோரையும் அவன் "ஏய்" என்றுதான் கூப்பிடுவான். அவள் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் அவளையும் அப்படிக் கூப்பிட்டான். அவள் பார்த்தாள், "இருக்கட்டுங்க" என்றாள். அன்றிலிருந்து அவன் குரல் அவள் காதில் விழவில்லை. விருந்து நாட்களில் மேஜைத் துணி கேட்டு அவன் மாடிப்படிக்கு அடியில் நின்று கத்துவான். அவள் மேலே துணி அறையில் மடித்துக்கொண்டே இருப்பாள். துரைசானி கேட்டால் மட்டும் அந்த நிமிஷமே எடுத்துத் தருவாள். நாலு மாதம் இது நடந்தது. கடைசியில் அந்த மனுஷன் மூச்சு வாங்க நாற்பத்தோரு படி ஏறி, அறை வாசலில் வந்து நின்று, "அம்மா, அந்த டேபிள் க்ளாத் ஸ்வல்ப கொடம்மா" என்று, கொஞ்சம் கொடுக்கும்படி கன்னடத்தில் கெஞ்சினான்.

"கேட்டாக் குடுக்கப் போறேனுங்க. இதுக்கு எதுக்குங்க இத்தனை நாளு?" என்று எடுத்துக் கொடுத்தாள்.

இன்னொரு முறை, வண்ணான் ஒருவன் தலையணை உறையை இஸ்திரியில் கருக்கிவிட்டுப் பழியை அவள் மேல் போட்டான். அவள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து அவன் மூட்டையைக் கொண்டுவந்ததும், துரைசானி பார்க்கும்படி தோட்டத்துப் புல்லில் ஒவ்வொரு துணியாக விரித்து, இரண்டு கையாலும் தூக்கி வெயிலில் காட்டிவிட்டுத்தான் உள்ளே எடுத்துப்போவாள். அது முடிய ஒரு மணி நேரம் ஆகும். வண்ணான் அத்தனை நேரமும் அங்கே நிற்க வேண்டும். ஒரு வருஷம் கழித்து அவன் தானாகவே துரைசானி முன்னால் போய், உறையைக் கருக்கியது நான்தான் என்று அழுதான்.

இதையெல்லாம் மற்றவர்கள் சிரித்துக்கொண்டு பேசுவார்கள். நான் சிரித்ததில்லை. ஏனென்றால் அந்த வீட்டில் அவளுக்கு மிகப் பெரிய தீங்கு செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் துரை. இன்னொருவன் நான்.

துரை என்று நான் சொல்வது குடகுப் பக்கத்தில் காப்பித் தோட்டம் வைத்திருந்துவிட்டு மைசூரில் வந்து தங்கிய வெள்ளைக்காரரை. இங்கிலாந்தில் அவருடைய குடும்பத்துக்கு ஒரு பழைய நாட்டுப்புற மாளிகை இருந்தது. முந்நூறு வருஷத்துக் கட்டிடம். மூத்த பிள்ளை என்பதால் அதுவும் நிலமும் முழுசாக அண்ணனுக்குப் போயிற்று. இவரைப் பதினாறு வயதில் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். முப்பது வருஷம் அதை மனதில் வைத்திருந்து, பெரிய யுத்தம் முடிந்த கையோடு ஸ்ரீரங்கப்பட்டணம் போகும் சாலையில் ஒரு மேட்டை வாங்கி, அதே மாளிகையை அங்கே கட்டத் தொடங்கினார். ஆசையால் கட்டினார் என்று சொல்ல மாட்டேன். அண்ணனுக்கு எதிராகக் கட்டினார்.

நான் அவரிடம் டிராஃப்ட்ஸ்மனாக இருந்தேன். மேல்கோட்டையிலிருந்து வந்து மைசூரிலேயே தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. பிளான் போடத் தெரியும், இங்கிலீஷ் தெரியும், கட்டிட ஆட்களோடு கன்னடத்திலும் தமிழிலும் பேசத் தெரியும். அதனால் என்னை வைத்துக்கொண்டார். மாளிகையின் அளவுகள் எதுவும் அவரிடம் இல்லை. இருந்தது ஒரே ஒரு போட்டோ. முகப்பு முழுவதும் தெரியும்: நடுவில் வாசல் மண்டபம், இரண்டு பக்கமும் முன்னே நீண்டு வரும் கட்டிடங்கள், முக்கோணச் சுவர்கள், சிறு சிறு கண்ணாடித் துண்டுகளை ஈயத்தில் கோத்த உயரமான ஜன்னல்கள், கூரைக்கு மேலே முறுக்கி விட்டது போன்ற எட்டுச் செங்கல் புகைபோக்கிகள். வாசலில் அண்ணன் நிற்கிறார். அவருடைய தொப்பி வாசல்காலில் ஓடும் கல் பட்டையைத் தொடுகிறது.

"என் அண்ணன் ஆறடி. அதை வைத்து மற்றதைக் கணக்குப் போடு" என்றார் துரை.

அப்படித்தான் போட்டேன். அந்த ஒரு மனிதரின் உயரத்தை அளவுகோலாக வைத்து வாசல், ஜன்னல், கூரை எல்லாம் வரைந்தேன். புகைபோக்கியின் உச்சி தரையிலிருந்து அறுபது அடி என்று வந்தது.

மைசூர் வெயிலுக்கு அது ஏற்ற வீடே இல்லை. குளிர்தேசத்தில் சூரியனை உள்ளே கூப்பிடுவதற்காக வைத்த ஜன்னல்கள் இங்கே மத்தியானத்தில் ஆளைப் பொரித்தன. கணப்பு மூட்ட வேண்டிய குளிர் வருஷத்தில் பத்து நாள் இருந்தால் அதிகம். ஆனாலும் கூரையில் எட்டுப் புகைபோக்கி இருந்தே ஆக வேண்டும். உள்ளே இடம் போகக் கூடாது என்று சிலவற்றை வெறும் பொம்மையாக வைக்கச் சொன்னார். கீழே பெரிய ஹாலில் இருந்த கணப்புக்கும் அதற்கு நேர் மேலே மாடி அறையில் இருந்த சின்னக் கணப்புக்கும் ஒரே குழாய் போதும் என்றார். இரண்டு கணப்புக்கு ஒரே புகைவழி கூடாது என்று நான் சொன்னேன். "கட்டு" என்றார்.

கட்டியவன் அவளுடைய கணவன். அவளுக்குச் சொந்த ஊர் ராமாபுரம். அப்போது கொள்ளேகால் பக்கமெல்லாம் கோயமுத்தூர் ஜில்லாவில் சேர்ந்திருந்தது. அங்கிருந்து கொத்தனார் வேலைக்கு மைசூர் வந்த கூட்டத்தில் புகைபோக்கி வேலை செய்யக்கூடியவன் அவன் ஒருவன்தான். ஒவ்வொரு செங்கல்லையும் கோணம் பார்த்துச் செதுக்கி முறுக்கு முறுக்காக ஏற்றுவான். சிரித்த முகம். மாதேஸ்வரன் மலைக்கு நேர்ந்துகொண்டு குடியை வாழ்நாளில் தொடாதவன். அவள் அவனுக்குக் காரை சுமப்பாள். அந்த ஒற்றைக் குழாயைக் கட்டும்போது அவன் மேலேயிருந்து குனிந்து ஏதோ சொல்ல, கீழே ஹாலில் நின்றிருந்த அவள் பதில் சொன்னது ஞாபகம் இருக்கிறது. "பேச்சு நல்லாக் கேக்குதுங்க சாமி. துரை ரகசியம் பேசுனாக் கஷ்டந்தான்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தான்.

எட்டாவது புகைபோக்கி முடியும்போது மழைக்காலம் பிடித்துக்கொண்டது. ஒரு வாரமாக விடாத மழை. சாரத்துக் கயிறு ஊறிப் போயிருந்தது. இன்னும் ஐந்தடி ஏற்ற வேண்டும். துரை அண்ணனுக்குப் போட்டோ அனுப்பத் துடித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாளு பொறுத்தா வெயிலு வந்துருமுங்க" என்றான் கொத்தனார். நான் அதை இங்கிலீஷில் சொன்னேன்.

"இன்றைக்கு ஏறாவிட்டால் நாளை அவன் ஆட்கள் யாரும் இங்கே வர வேண்டாம்" என்றார் துரை. நான் அதைத் தமிழில் சொன்னேன்.

அவன் ஏறினான். கடைசி வரிசைகளை வைத்துக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்தது. அவள் காரைச் சட்டியோடு கீழே நின்றிருந்தாள். அவன் விழுந்த இடத்துக்கும் அவள் நின்ற இடத்துக்கும் நடுவே பத்தடி கூட இல்லை.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். துரை ஒரு தாளை எழுதி என் முன்னால் வைத்தார். கொத்தனார் அன்று காலையிலிருந்தே குடித்திருந்தான், ஏற வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் ஏறினான் என்று அதில் இருந்தது. சாட்சி என்ற இடத்தில் என் பெயர். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம், மனைவி கர்ப்பமாக இருந்தாள், வேலை போய்விடும் என்று பயந்தேன். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். இல்லை. கையெழுத்துப் போட்டேன். தாளின் நகல் ராமாபுரத்துக்குப் போய், அங்கே ஊர் முன்சீப் அதைக் கோயில் வாசலில் படித்துக் காட்டினார்.

அவளுக்கு ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை. அதைத் தன் தம்பி வீட்டில் விட்டுவிட்டு ஒரு மாதத்தில் திரும்பி வந்தாள். துரைசானி இரக்கப்பட்டு, மாடியில் படுக்கை விரிப்பும் மேஜைத் துணியும் வைக்கும் அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்தாள். அவள் வாங்கிக்கொண்டாள். "பார்த்தாயா, நன்றியுள்ள ஜனங்கள்" என்றார் துரை என்னிடம்.

அந்த அறையில்தான் ஒற்றைக் குழாயின் மேல் கணப்பு இருந்தது.

அந்த வீட்டில் வேலைக்காரர்களுக்குத் தனிப் படி. இங்கிலாந்து மாளிகைகளில் அப்படித்தானாம். எஜமானர்கள் கண்ணில் வேலைக்காரர்கள் படக் கூடாது. ஹாலில் தேக்கில் இழைத்த அகலமான பெரிய படி இருந்தது. அதில் குழந்தைகூட ஏறலாம். பின்பக்கம் சுவருக்குள் இருட்டில் சுழன்று ஏறும் செங்குத்தான நாற்பத்தோரு படி. அவள் ஒன்பது வருஷம் அதில் ஏறி இறங்கினாள். வீடு முடிந்த பிறகும் கொட்டகை, லாயம், பழுது வேலை என்று நான் பின்கட்டில் ஒரு அறையில் இருந்தேன். தினமும் என் ஜன்னலைக் கடந்துதான் போவாள். போகும்போதெல்லாம் நின்று கேட்பாள்: "சாமி நல்லா இருக்கீங்களா? அம்மா, கொழந்தையெல்லாம் சொகமா?"

அந்த ஒன்பது வருஷத்தில் ஒருநாள்கூட அந்தத் தாளைப் பற்றி அவள் பேசவில்லை. என் பெயர் அதில் இருந்தது அவளுக்குத் தெரியாதோ என்றுகூட எண்ணிக்கொள்வேன். அப்படி எண்ணுவது எனக்கு வசதியாக இருந்தது.

ஏழாவது வருஷம் ஒரு மழை நாள், சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன் என் அறைக்கு வந்தாள். உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. கதவருகே நின்றுகொண்டாள்.

"சாமி, ஒரு இங்கிலீசுப் பேச்சு. அர்த்தம் சொல்லோணும்" என்றாள்.

"யார் பேசினா?"

"அதைப் பொறவு சொல்றேனுங்க."

கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். சொல் பிரியாமல், பொருள் முழுதும் தெரியாமல், ஓசையை மட்டும் அப்படியே பிடித்து வைத்திருந்தாள். துரை இழுத்துப் பேசும் இழுப்புக்கூட அதில் இருந்தது. "தி மேன் வாஸ் சோபர்" என்று தொடங்கியது. நாலு வாக்கியம். முடிவில், "மை டிராஃப்ட்ஸ்மன் வில் சைன் எனிதிங்."

கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தேன்.

"'சோபர்'னா என்னுங்க?"

"குடிக்காதவன்னு அர்த்தம்."

"மிச்சமும் சொல்லுங்க."

சொன்னேன். துரை பேசியது இதுதான்: அந்த ஆள் குடிக்கவே இல்லை. மழையில் ஏற்றியது நான்தான். உண்மையைச் சொன்னால் சர்க்காரில் தொல்லை வரும் என்று குடிகாரன் என்று எழுதிவிட்டேன். இவ்வளவு சொல்லி நிறுத்தினேன்.

"கடைசியில உங்களப் பத்தி என்னமோ வருதுங்களே. டிராஃப்ட்ஸ்மன்னா நீங்கதானே?"

"என் டிராஃப்ட்ஸ்மன் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவான்னு சொல்லியிருக்கார்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பட்லரையும் வண்ணானையும் பார்த்த அதே பார்வை.

"இருக்கட்டுங்க" என்றாள்.

பிறகுதான் விவரம் சொன்னாள். மத்தியானம் காப்பித் தோட்டத் துரை ஒருவர் வந்திருக்கிறார். இருவரும் ஹாலில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். கணப்பு வழியாக எல்லாம் மேலே வந்திருக்கிறது. ஏழு வருஷமாக மத்தியானங்களில் துணி மடித்துக்கொண்டே அவள் அந்தக் கணப்பருகில்தான் உட்கார்ந்திருக்கிறாள். வேலைக்காரர்கள் மூலம் ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தையாகத் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

"இதை வைத்து என்னம்மா பண்ணப் போறே? போலீசுக்குப் போறதா இருந்தா..." என்று இழுத்தேன்.

"போலீசு துரைகூட டீ குடிக்குதுங்க. துரைக்கு யாரு முன்னாடி மானம் போனாத் தாங்காதோ அந்த ஆளு வரோணும். வருவாருங்க. மாசம் தவறாம அவருக்குத்தான் கடுதாசி போவுது."

எனக்குப் புரிந்தது. அண்ணன்.

அவர் வர இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று. அதற்குள் அவளுடைய பெண்ணுக்குப் பதினாறு வயது. கணவனின் அக்காள் மகனுக்குக் கொடுப்பதாகக் குழந்தையிலேயே பேசி வைத்திருந்த பெண். "குடிச்சுட்டு உழுந்து செத்தவன் புள்ளை எங்களுக்கு வேண்டாம்" என்று அந்த அக்காள் ஊரில் சொல்லிவிட்டாள். அவள் ராமாபுரம் போய் நாலு நாளில் திரும்பி வந்தாள். என் ஜன்னலருகே நின்று வழக்கம்போலச் சுகம் விசாரித்தாள். அன்று நான் தலை நிமிராமல் பிளானில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

மார்கழியில் அண்ணன் வந்தார். ஒரு மாதம் தங்குவதாக ஏற்பாடு. மைசூரிலிருந்த வெள்ளைக்காரக் குடும்பங்களும் அரண்மனை உத்தியோகஸ்தர் சிலரும் அன்று பிற்பகல் தேநீருக்கு வந்திருந்தார்கள். பிளான்களைக் காட்டுவதற்காக என்னையும் கோட்டு போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் துரை. அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பழைய போட்டோவை எடுத்து வந்து, "அதே இடத்தில் நில்லுங்கள், அதே மாதிரி இன்னொரு படம் எடுக்க வேண்டும்" என்று அண்ணனை வாசலில் நிறுத்தினார்.

அண்ணன் நின்றார். நான் பார்த்தேன். தொப்பிக்கும் கல் பட்டைக்கும் நடுவே அரை அடி இடைவெளி.

மறுபடி பார்த்தேன். என் உயரம்தான் இருந்தார், ஐந்தரை அடி. வயதில் ஓரங்குலம் குறைந்திருக்கலாம், ஆறங்குலம் குறையாது. ஆறடி என்பது பதினாறு வயதுப் பையன் அண்ணாந்து பார்த்து வைத்துக்கொண்ட உயரம். நான் வரைந்த ஒவ்வொரு கோடும் அந்த விகிதத்தில் நீண்டிருக்கிறது.

அண்ணனும் கவனித்துவிட்டார். "என்னடா இது, நம் வீட்டைவிடப் பெரிதாக இருக்கிறதே!" என்று சிரித்தார். துரை சிரிக்கவில்லை.

பின்கட்டுக்கு நழுவி வந்தேன். அவள் அங்கே நின்றிருந்தாள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள்.

"போட்டோவுல இருந்தது இவருதானுங்களா?"

"ஆமா."

"குட்டையா இருக்காரே, சாமி."

நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"எங்கூட்டுக்காரரு சொல்லுவாரு, ஒத்த ஆளு ஒசரத்த வெச்சு வீட்டையே அளந்துட்டாங்கன்னு. அப்ப, பொகபோக்கி எத்தனை அடி கூட ஏறிப்போச்சுங்க?"

அதை நான் வாசலிலேயே மனதுக்குள் போட்டுப் பார்த்திருந்தேன். அறுபது அடி ஐம்பத்தைந்தாக இருந்திருக்க வேண்டும்.

"ஐந்தடி" என்றேன்.

அவன் அன்று மழையில் ஏற்றிக்கொண்டிருந்ததும் அதே கடைசி ஐந்தடிதான். அவளுக்கும் அது தெரியும். அவள் கொஞ்ச நேரம் அந்த எட்டாவது புகைபோக்கியைப் பார்த்தாள். பிறகு சாக்குகள் கிடந்த மூலைக்குப் போய் நாலைந்தை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் நனைத்தாள். பிழியாமல் தோளில் போட்டுக்கொண்டு நாற்பத்தோரு படி ஏறினாள். மேல் கணப்பின் வழியாக அந்த ஒற்றைக் குழாயை அடைக்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் தடுக்கவில்லை.

ஹாலில் கணப்பை மூட்டச் சொன்னார் துரை. அண்ணன் முன்னால் அது எரிய வேண்டும் என்று ஒன்பது வருஷம் காத்திருந்தார். கட்டைகள் பிடித்துக்கொண்டன. எல்லோரும் அருகில் வந்து கைகளை நீட்டினார்கள். முதலில் ஒரு சுருள் புகை அறைக்குள் திரும்பியது. யாரோ சிரித்தார்கள். பிறகு அடைத்த வாய் உடைந்ததுபோல மொத்தப் புகையும் ஹாலுக்குள் கொட்டியது. பெண்கள் இருமினார்கள். கோப்பைகள் விழுந்தன. அரண்மனைச் சரிகைத் தலைப்பாகைகளும் வெள்ளைக்காரத் தொப்பிகளும் முட்டிமோதிக்கொண்டு புல்வெளிக்கு ஓடின.

அண்ணன் கண்களைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இந்தப் புகைபோக்கியை எந்தப் புண்ணியவான் கட்டினான்?"

"ஒரு குடிகாரன். தான் கட்டியதிலிருந்து தானே விழுந்து செத்தான்" என்றார் துரை.

அப்போது அவள் வந்தாள். ஈரத் துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு, புகைக்குள் பெரிய படி வழியாக, அவசரமில்லாமல் இறங்கி, முன்வாசலைத் தாண்டிப் புல்வெளிக்கு வந்து, துரைக்கு மூன்றடி தள்ளி நின்றாள். துணியை அவிழ்த்தாள். பிறகு அந்த நாலு இங்கிலீஷ் வாக்கியத்தையும் அவர் குரலின் இழுப்போடு அவருக்கே திருப்பிச் சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு முன் அந்த ஹாலில் உட்கார்ந்து அதைக் கேட்ட காப்பித் தோட்டத் துரையும் கூட்டத்தில் இருந்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டதை எல்லோரும் பார்த்தார்கள்.

துரையின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. "பைத்தியம். இழுத்துக்கொண்டு போங்கள்" என்றார். பட்லர் நகரவில்லை.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீதானே டிராஃப்ட்ஸ்மன்? இது உண்மையா?"

தைரியம் வந்து பேசினேன் என்று சொன்னால் அது இரண்டாவது பொய்க் கையெழுத்தாகும். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துரையிடம் இருந்த பயத்தைவிட அந்தப் பார்வையிடம் இருந்த பயம் பெரிது.

"உண்மை. அவன் குடிக்கவில்லை. நான் பொய்யில் கையெழுத்துப் போட்டேன்" என்றேன்.

அண்ணன் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். பிறகு தம்பியிடம் மெல்லிய குரலில், ஆனால் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார்: "அப்பா ஏன் உன்னிடம் எதையும் விட்டுவைக்கவில்லை என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது."

மறுநாள் காலை ரயிலில் போய்விட்டார். துரையைச் சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அதன் பிறகு அந்த வீட்டில் ஒரு விருந்தும் நடக்கவில்லை. ஹாலைப் பூட்டிவிட்டு, பின்கட்டில், நான் உட்கார்ந்திருந்த அறைக்கு அடுத்த அறையில் கட்டிலைப் போட்டுக்கொண்டு கிடந்தார் என்று பட்லர் பிற்பாடு சொன்னான். இரண்டு வருஷத்தில் விற்றுவிட்டு ஊட்டிப் பக்கம் போனார்கள்.

அவளுக்கும் எனக்கும் அன்று சாயங்காலமே வேலை போயிற்று. மறுநாள் காலை அவள் எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு எழுந்து போனேன்.

"ராமாபுரத்துக்கு வரோணும், சாமி" என்றாள்.

"எதுக்கும்மா? அதான் எல்லார் முன்னாலும் சொல்லிட்டேனே."

"இங்கிலீசுல சொன்னீங்க. எங்க ஊருக்குக் கேக்கலை."

வேலை தேட வேண்டும், உடம்பு சரியில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று என்னென்னவோ சொன்னேன். உள்ளேயிருந்து என் மனைவி வந்து நின்றாள். அந்தக் கையெழுத்து விஷயம் அவளுக்கு முந்தின நாள்தான் தெரியும். இரவு முழுவதும் என்னோடு பேசவில்லை.

"போயிட்டு வாங்கோ" என்றாள். "சொல்லிட்டு ஆத்துக்கு வாங்கோ."

கொள்ளேகால் வரை மோட்டார் வண்டி, அங்கிருந்து மாட்டு வண்டி. ராமாபுரத்தில் முன்சீப் தாளைப் படித்த அதே கோயில் வாசலில் ஊரைக் கூட்டியிருந்தாள். நான் நின்று, தமிழில், நடந்ததை நடந்தபடி சொன்னேன். மழை, சாரம், தாள், என் பெயர். சொல்லி முடித்ததும் கொத்தனாரின் அக்காள் கூட்டத்திலிருந்து எழுந்தாள்.

"ஒம்போது வருசமா எங்க போயிருந்தீங்க, சாமி?"

மேல்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் முழுவதும் அவள் என்னைப் பார்க்கவில்லை. ஊராரின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். குனிந்த தலைகளைக் கண்டால் அங்கே கொஞ்சம் அதிக நேரம் நின்றாள். அக்காள் அழுதுகொண்டு ஓடிவந்து அவள் கையைப் பிடித்து, பெண்ணைத் தன் மகனுக்கே கொடுக்கும்படி கேட்டாள். அவள் கையை விடுவித்துக்கொண்டாள். அந்த வருஷமே பெண்ணை மார்டள்ளியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தாள். கல்யாணத்துக்கு அக்காள் வீட்டைத் தவிர ஊர் முழுவதையும் அழைத்தாள்.

நான் கிளம்பும்போது சொன்னாள்: "அடுத்த வருசம் அவரு செத்த நாளுக்கு வாங்க. மறுபடி சொல்லோணும்."

"எத்தனை தடவைம்மா?"

"ஒம்போது வருசம் மறைச்சீங்க. ஒம்போது வருசம் சொல்லுங்க."

போகாமல் இருந்திருக்கலாம். அவள் என்ன செய்துவிட முடியும்? ஆனாலும் போனேன். மைசூரில் வேறு இடத்தில் வேலை கிடைத்து, பிள்ளைகள் பிறந்து, தலை நரைக்கத் தொடங்கிய பிறகும், வருஷா வருஷம் அந்த மழைக்காலத்தில் ஒருநாள் லீவு போட்டுவிட்டுப் போய், அந்தக் கோயில் வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்தேன். முதலில் ஊரே கேட்டது. பிறகு பாதி ஊர். பிறகு வேலையில்லாதவர்கள். எனக்கு அங்கே பெயரே 'பொய்க் கையெழுத்துச் சாமி' என்று ஆகிவிட்டது. அவள் மட்டும் ஒவ்வொரு தடவையும் முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை நின்று கேட்பாள். எங்காவது ஒன்றை விட்டுவிட்டால், "மழையில ஏறச் சொன்னதை நீங்கதான் தமிழுல சொன்னீங்க. அதையும் சொல்லுங்க" என்பாள்.

ஒன்பதாவது வருஷம் மழை பலமாக இருந்தது. கேட்க ஒருவரும் வரவில்லை. அவளுக்கும் உடம்பு தளர்ந்திருந்தது. கோயில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் ஒருத்திக்கு நான் முழுவதையும் சொன்னேன். எதையும் விடவில்லை. முடித்ததும் எழுந்து, தலைமேல் கோணியைப் போட்டுக்கொண்டு, வண்டி வரைக்கும் என்னோடு நடந்து வந்தாள்.

"அடுத்த வருசம் நீங்க வர வேண்டாமுங்க" என்றாள்.

"என்னை மன்னிச்சுட்டியாம்மா?" என்று கேட்டேன்.

அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இல்லீங்க. முடிஞ்சுது" என்றாள்.